தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள்

திண்டுக்கல் என்றதும் பூட்டும் பிரியாணியும் தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஊர் நடுவே நிற்கும் மலைக்கோட்டை ஒரு காலத்தில் ஆயுதச்சாலையாக இருந்தது. 1755-ல் மைசூர் அரசால் இங்கே பௌஜ்தாராக அனுப்பப்பட்ட ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு பீரங்கிப் பட்டறை அமைத்தார். 1790-ல் கம்பெனிப் படை கோட்டையைப் பிடித்தது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திண்டுக்கல் சீமையே கம்பெனியின் கைக்குப் போனது.

கம்பெனிக்காகத் தெற்கே சண்டை போட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள் அல்ல. தமிழும் தெலுங்கும் பேசிய சென்னை மாகாணத்துச் சிப்பாய்கள். 1803-ல் அஸ்ஸாயேயில் வெல்லெஸ்லியின் கீழ் மராத்தியப் பீரங்கிகளுக்கு முன்னால் நின்றதும் இவர்கள்தான்.

எண்பது வருடம் கழித்து அதே மக்களைப் பார்த்து "நீங்கள் போருக்கு லாயக்கில்லை" என்றார்கள்! 1881-ல் சென்னைப் படைக்கும் 1885-ல் இந்தியா முழுமைக்கும் தளபதியான ராபர்ட்ஸ், சில சாதிகளும் இனங்களும் மட்டுமே பிறவியிலேயே வீரர்கள் என்று நம்பியவர். தெற்கே நிலவிய நீண்ட அமைதி ஆட்களை மந்தமாக்கிவிட்டதாம். சண்டை நடக்காததற்குச் சிப்பாய் என்ன செய்வான்? பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. 1920-களின் முடிவில் சென்னை மாகாணத்துக் காலாட்படையே இல்லை. தப்பியது சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படை மட்டும். வானம் பார்த்த பூமியை நம்பியிருந்த குடும்பங்களுக்குப் பட்டாளத்துச் சம்பளமும் பென்ஷனும் சின்ன விஷயமா?

அதிகாரி ஆவது இன்னும் கடினம். 1918 முதல் இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் பள்ளியில் முழு இந்தியாவுக்கும் வருடத்துக்குப் பத்தே இடங்கள். 1932-ல் டேராடூனில் ராணுவ அகாடமி திறந்தபோது முதல் அணியில் 40 பேர்.

இரண்டாம் உலகப்போரில் ஆள் பற்றாக்குறை வந்ததும் பிறவி வீரம் என்ற கதை மறந்துபோனது. மெட்ராஸ் ரெஜிமென்ட் மீண்டும் எழுப்பப்பட்டது. 1944 பிப்ரவரியில் இத்தாலியில் கண்ணிவெடி மீது பாய்ந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்ட சுப்பிரமணியன், மெட்ராஸ் சாப்பர்ஸ்காரர். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் வழங்கப்பட்டது.

சுதந்திரத்துக்குப் பிறகும் ஒரு கதவு மூடியே கிடந்தது, பெண்களுக்கு. 1992-ல் சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமி அவர்களைச் சேர்த்தது. ஆனால் பிளஸ் டூ முடித்ததும் எழுதும் என்.டி.ஏ. தேர்வு "திருமணமாகாத ஆண்களுக்கு" மட்டும் என்றே இருந்தது. 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் பெண்களும் எழுதலாம் என்றது. ஏற்பாடுகளுக்கு அவகாசம் வேண்டும், 2022 மே மாதம் பார்க்கலாம் என்றது அரசு. ஒரு தேர்வைக்கூடத் தள்ளிப்போட முடியாது என்றது நீதிமன்றம். அதே வருடம் நவம்பர் 14-ல் பெண்கள் தேர்வு எழுதினார்கள். 2022-ல் கடக்வாஸ்லாவில் சேர்ந்த முதல் அணியிலிருந்து 17 பெண்கள் 2025 மே 30 அன்று பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள்.