அணியத்துப் பெண்ணும் உண்மை நகலும்

கப்பலின் முன்முனையை நம் கடற்கரை ஊர்களில் அணியம் என்போம். அந்தக் காலத்து ஐரோப்பிய, அமெரிக்கப் பாய்மரக் கப்பல்களில் அணியத்தில் ஒரு மரச்சிலை கடலைப் பார்த்தபடி முன்னால் சாய்ந்து நிற்கும். பள்ளியில் இதை 'ஃபிகூர் தெ ப்ரூ' என்று படித்தேன். ஓர் இயக்கத்தை முன்நின்று நடத்துபவரையும் பிரெஞ்சில் அப்படித்தான் சொல்வார்கள். ஆங்கிலத்திலோ இதற்கான சொல் அதிகாரம் இல்லாத பொம்மைத் தலைவரைக் குறிக்கும்!

அப்படி ஒரு சிலையின் நீர்வண்ண ஓவியத்தை வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தின் இணையதளத்தில் பார்த்தேன். முதலில் புகைப்படம் என்றே நினைத்துவிட்டேன். ஒரு பெண்ணின் உருவம். மரம் வெடித்த கோடு, பெயர்ந்துபோன வண்ணப்பூச்சு என எதையும் ஓவியர் மறைக்கவில்லை.

இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1929-க்குப் பிறகு அமெரிக்காவில் பெரும் வேலையில்லாத் திண்டாட்டம். ஓவியர்களும் பட்டினி கிடந்தார்கள். ரூஸ்வெல்ட் அரசு 1935-ல் அவர்களில் சிலருக்குக் கொடுத்த வேலைதான் 'இண்டெக்ஸ் ஆஃப் அமெரிக்கன் டிசைன்'. சொந்தக் கற்பனைக்கு அதில் இடமில்லை. பொம்மை, கடைப் பலகை, ஒட்டுத்துணி விரிப்பு, கப்பல் சிலை போன்ற பழைய பொருள்களை உள்ளது உள்ளபடி வரைய வேண்டும். 1942 வரை சுமார் 18,000 ஓவியங்கள் சேர்ந்தன.

கேமரா இருக்கும்போது கையால் ஏன் வரைய வேண்டும் என்று கேட்கலாம். அன்றைய வண்ணப் புகைப்படத்துக்குச் செலவு அதிகம்; நிறத்தையும் நம்ப முடியாது.

என் உத்தியோகக் காலத்தில் பாதி நாள் 'உண்மை நகல்' எழுதுவதிலேயே போயிற்று. "பார்த்து எழுதுகிற வேலைதானே?" என்று உறவினர் ஒருவர் ஒரு கல்யாணப் பந்தியில் கேட்டபோது எனக்குத் தலை குனிந்தது. அந்த ஓவியர்களில் சிலருக்கும் அப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். சொந்தமாக வரைய வேண்டும் என்று கலை படித்தவர்கள், வயிற்றுக்காக அடுத்தவர் செய்த பொருளைப் பார்த்து வரைந்தார்கள்.

நீராவிக் கப்பல்கள் வந்தபின் அணியச் சிலைகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கப்பல்களை உடைத்தபோது பல சிலைகளும் போயின. மிஞ்சியவற்றிலும் பலவற்றைச் செதுக்கிய தச்சர் யார் என்று தெரியாது. வரைந்தவரின் பெயர் மட்டும் கலைக்கூடப் பதிவில் இருக்கிறது. மரம் நாளைக்கு உளுத்துப்போனாலும், அன்று அது எப்படி இருந்தது என்பதற்கு அவருடைய நகல் சாட்சி.

நேரம் கிடைத்தால் நீங்களும் பாருங்கள். முகத்தைப் பார்க்குமுன் அந்த வெடிப்பைப் பாருங்கள்.