ஏட்டிலிருந்து எண்ணிமம் வரை: யாழ்ப்பாணத்துப் பாடசாலை நூலகங்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கல்வி வரலாற்றை எழுதியோர் பாடசாலைகளின் தோற்றத்தையும், ஆங்கிலக் கல்வியின் பரவலையும், அதனால் விளைந்த உத்தியோக வாய்ப்புகளையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அப்பாடசாலைகளின் உள்ளேயிருந்த நூலகங்கள் அத்துணைக் கவனம் பெற்றில. பனையோலை அச்சுத்தாளுக்கு வழிவிட்ட காலத்திலும், அச்சுத்தாளோடு கணினித்திரை வந்து சேர்ந்துள்ள இக்காலத்திலும், மாற்றத்தை முன்னின்று எதிர்கொண்ட இடங்களுள் பாடசாலையும் ஒன்று. இம்மாற்றங்களைத் தொடர்ச்சியாக வைத்து நோக்குமிடத்து, இன்றைய பாடசாலை நூலகம் ஆற்றவேண்டிய பணி யாது என்பது தெளிவாகும்.

திண்ணைப் பள்ளிக் காலத்தில் நூலகம் எனத் தனியே ஓர் அறை இருக்கவில்லை. ஆசிரியரிடமிருந்த சுவடிகளே நூலகமாயின. மணலில் எழுதிப் பழகிய மாணவன், பின்னர் எழுத்தாணி பிடித்து, தான் கற்கும் நூலைத் தானே ஓலையிற் பெயர்த்தெழுதினான். படித்தலும் படியெடுத்தலும் ஒன்றையொன்று தழுவி நின்றன. ஓலையோ நெடுங்காலம் நிலைப்பதன்று; ஈரமும் கறையானும் அதனை எளிதில் அழிக்கும். அவ்வாறாகவும் நூல்கள் தலைமுறை கடந்து வந்தமைக்குக் காரணம் ஓலையின் உறுதியன்று; பல வீடுகளிற் பிரதிகள் இருந்தமையும், பழுதுபட்ட ஏடு அழிவதன் முன்னர் மீண்டும் எழுதப்பெற்றமையுமேயாம். எழுதுவாரற்ற நூல் மறைந்துபோயிற்று.

1816ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமாரின் பணி யாழ்ப்பாணத்தில் தொடங்கியது. 1823இல் வட்டுக்கோட்டையில் அவர்கள் நிறுவிய செமினரியில் நூலகமும் வானியல் முதலிய துறைகளுக்குரிய கருவிகளும் இருந்தன. நூலைப் படிப்பதோடு கருவியைக் கையாண்டும் கற்கும் சூழல் அங்கே உருவாயிற்று. இன்று ‘புதிய கற்றல் வெளி’ எனப் பேசப்படுவது இம்மண்ணுக்கு முற்றிலும் புதியதன்று என்பதற்கு இதுவே சான்று. 1834இல் மானிப்பாயில் மிஷனின் அச்சகம் இயங்கத் தொடங்கியது. 1841இல் ‘உதயதாரகை’ வெளிவந்தது.

மிஷனரிமாரின் முயற்சிக்கு எதிர்முயற்சியாகத் தோன்றிய சைவக் கல்வி இயக்கமும் அதே கருவியைக் கைக்கொண்டது. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மறு ஆண்டு சென்னை சென்று அச்சியந்திரம் கொணர்ந்தார். அவரது பாலபாடங்கள் மாணவர் கைகளை அடைந்தன. செமினரியிற் கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளையோ பழஞ்சுவடிகளைத் தேடித் தொகுத்து, 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். ஏடுகள் நாடோறும் அழிந்துவரும் நிலைக்கு அவர் தம் பதிப்புரைகளில் வருந்தியிருத்தல் குறிப்பிடத்தக்கது. அச்சு அவருக்கு வசதி மாத்திரமன்று. அழிவுக்கு எதிரான காப்பாகவும் அமைந்தது. 1855இல் செமினரி மூடப்பட்டது. அதன் மரபில் 1872இல் எழுந்த யாழ்ப்பாணக் கல்லூரியின் நூலகம், செமினரியின் முதல் அதிபராகிய டானியல் பூவரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

பாடசாலைக்கு வெளியே பொதுமக்களுக்கான நூலகம் உருவானமை இருபதாம் நூற்றாண்டின் நிகழ்ச்சியாகும். க. மு. செல்லப்பா 1933இல் தம் இல்லத்திலிருந்து நூல்களை இரவல் வழங்கத் தொடங்கினார். 1934இல் 844 நூல்களுடன் வாடகை அறையொன்றில் நூலகம் திறக்கப்பட்டது. 1935இல் நகரசபை அதனைப் பொறுப்பேற்றது. பின்னர் வணபிதா லோங் அடிகளார் முதலியோரின் முயற்சியாலும், இந்திய நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனின் ஆலோசனையோடும், சென்னைக் கட்டிடக் கலைஞர் நரசிம்மனின் வரைபடத்தைக் கொண்டும் எழுந்த கட்டிடம் 1959இல் திறந்துவைக்கப்பட்டது. 1967இல் அங்கு சிறுவர் பகுதியும் அமைந்தது. தத்தம் பாடசாலைகளிற் கிடையாத நூல்களை நாடிய மாணவர்க்கு அது பெருந்துணையாயிற்று.

அந்நூலகம் 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு தொடங்கி எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. கிடைத்தற்கரிய சுவடிகளும் அவற்றோடு அழிந்தன. 1984இல் ஒரு பகுதி மீளத் திறக்கப்பட்டபோதும் அடுத்த ஆண்டிலேயே போர் அதனை மீண்டும் சிதைத்தது. இவ்வழிவு பற்றிப் பேசப்படுவன பல. எனினும் நூலகவியல் நோக்கில் ஓர் உண்மையை இங்கு வேறாக எடுத்துக்காட்டல் தகும். மயில்வாகனப் புலவரின் ‘யாழ்ப்பாண வைபவமாலை’ அச்சேறி, 1879இல் பிறிற்றோவினால் ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டிருந்தமையால் இன்றும் நம்மிடையே உள்ளது. வேறு பிரதியற்ற ஏடுகளுக்கு அவ்வாய்ப்பு இருக்கவில்லை. அரிய பிரதிகள் யாவும் ஓரிடத்திற் குவிந்திருத்தல் பயன்பாட்டுக்கு எளிது, பாதுகாப்புக்கோ போதாது.

1990ஆம் ஆண்டின் பின்னர் குடாநாடு மின்சாரமின்றி இருந்தது. சாதாரண தாள் கிடையாமையால் செய்தித்தாள்கள் கோடிட்ட அப்பியாசத் தாள்களிலும் அச்சிடப்பட்டன. மாணவர் போத்தல் விளக்கொளியிற் படித்தனர். துவிச்சக்கரவண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒருசேர இடம்பெயர்ந்தபோது கையிற் கொண்டுசெல்லத்தக்கவற்றுள் நூல்கள் மிகச் சிலவே. வீட்டு நூற்றொகுதிகளும் பாடசாலை நூற்றொகுதிகளும் இக்காலத்திற் பட்ட இழப்பு, பொது நூலகத்தின் இழப்பைப் போல ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. ஆதலின் அது பெரிதும் எழுதப்படாமலே போயிற்று.

பாடசாலை நூலகத்தைப் புதிய நோக்கில் அமைக்கும் முயற்சி இலங்கை முழுவதுக்குமாக இதேகாலப் பகுதியிலேயே தோன்றியது. உலக வங்கியின் உதவியுடன் 1998இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் பொதுக் கல்விச் செயற்றிட்டம் பாடசாலை நூலக விருத்தியையும் தன் கூறுகளுள் ஒன்றாகக் கொண்டது. ஆசிரிய நூலகர்களைப் பயிற்றுவித்தற்கென 1999இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் தேசிய நூலக தகவல் விஞ்ஞான நிறுவகம் உருவாக்கப்பட்டது. நூல்களைப் பூட்டிக் காக்கும் அறை என்ற நிலை மாறி, மாணவர் தாமே தேடி, ஒப்பிட்டு, குழுவாகக் கற்கும் வள நிலையமாக நூலகம் விளங்கவேண்டும் என்பதே இதன் அடிப்படை. கணினி இவ்வெண்ணத்திற்கு உதவும் ஒரு கருவி. கணினியை வைத்தவுடன் நூலகம் மாறிவிடுவதில்லை. நூலகப் பாடவேளை நேரசூசியில் இல்லையாயின், நூலகப் பொறுப்பு வேறு பாடங்களின் சுமையோடு ஓர் ஆசிரியர்மீது ஏற்றப்படுமாயின், புதிய அறையும் பழைய அலுமாரியின் நிலையையே எய்தும்.

அரச முயற்சிக்குப் புறம்பாக, 2005இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் பாடசாலை மலர்களையும் மின்வருடி யாவர்க்கும் இலவசமாக வழங்கிவருகின்றது. ஏடு பெயர்த்தெழுதியோர் செய்த தொழிலையே இது வேறொரு கருவியாற் செய்கிறது எனலாம். ஆயின் இதற்கும் வரம்புண்டு. 2020 மார்ச்சில் கொள்ளைநோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் கைத்தொலைபேசி வழியே அனுப்பப்பட்டன. கருவியும் இணைய இணைப்பும் உடைய பிள்ளை கற்றது. அவை இல்லாத பிள்ளை பின்தங்கியது. பாடசாலை மூடப்பட்டமையால் அந்நூலகத்து அச்சு நூல்களும் அப்பிள்ளைக்கு எட்டவில்லை. அன்றியும், எண்ணிமக் கோப்பும் அழிவுக்கு அப்பாற்பட்டதன்று. சேமிப்பகம் பழுதடையலாம், கோப்பு வடிவம் வழக்கொழியலாம். ஓலையைப் போலவே அதுவும் காலந்தோறும் மீளப் பெயர்த்து வைக்கப்படவேண்டியதே.

இவற்றிலிருந்து பெறப்படும் முடிபு ஒன்றுண்டு. குடாநாட்டில் நூல்கள் பிழைத்தமைக்குக் காரணம் கட்டிடத்தின் பெருமையோ கருவியின் புதுமையோ அன்று; பிரதிகள் பலவாயிருந்தமையும், அவற்றைப் பேணுவார் இருந்தமையுமேயாம். ஊர்தோறும் பரந்துள்ள பாடசாலை நூலகங்கள் இவ்விரண்டிற்கும் இயல்பாகவே பொருத்தமானவை. தத்தம் ஊரின் பாடசாலை மலர், கோயில் மலர், இறந்தோர் நினைவாக அச்சிடப்படும் கல்வெட்டு, சனசமூக நிலையச் சிறப்பிதழ் முதலியன சில நூறு பிரதிகளே அச்சாகிச் சில ஆண்டுகளில் மறைந்துவிடுகின்றன. உள்ளூர் வரலாற்றுக்கு இவற்றினும் நெருங்கிய சான்று அரிது. இவற்றை ஒவ்வொரு பாடசாலையும் திரட்டி, ஒரு பிரதியைத் தன்னிடத்தும் மற்றொன்றைப் பிறிதோர் நூலகத்திலும் வைத்து, மின்வருடிய படியையும் பேணுமாயின், ஓரிடத்து அழிவு முழு அழிவாகாது.

இப்பணியில் மாணவரை ஈடுபடுத்தல் வேண்டும். ஒரு மலரை மின்வருடுமுன் அதன் ஆண்டையும் ஆசிரியரையும் பொருளையும் மாணவன் குறித்தாக வேண்டும். குறித்தற்கு அதனைப் படித்தாக வேண்டும். திண்ணைப் பள்ளியில் ஓலை எழுதிய மாணவன் பெற்ற பயனை அவனும் பெறுவான். பாடசாலை நூலகத்திற்கு வந்துசேரும் புதிய கருவிகளின் மதிப்பை அவற்றின் எண்ணிக்கையைக்கொண்டு அளத்தல் பொருந்தாது. அவற்றால் எத்தனை பிள்ளைகள் நூலை நாடினர், எத்தனை ஏடுகள் அழியாது காக்கப்பட்டன என்பவற்றைக்கொண்டே அளத்தல் வேண்டும்.