அரசியின் வெள்ளாடையும் அங்காடித் தெருவும்

'மன்னன் எவ்வழி, மக்கள் அவ்வழி' என்பது பழமொழி. உடை வரலாறு எழுதுவோருள் சிலர் இதனை ஆராயாது ஏற்று, அரண்மனையில் தோன்றும் உடை படிப்படியாக இறங்கித் தெருவை அடைகின்றது என்று கூறி அமைவர். அக்கூற்று எத்துணைப் பொருந்தும் என்பதைப் பிரெஞ்சு அரசி மேரி அந்துவானெத்து (1755–1793) அணிந்த வெண்ணிற மஸ்லின் ஆடையைக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெர்சேல்ஸ் அரண்மனையின் முறையுடை, லியோன் நகரத்துக் கனத்த பட்டாலும், இடையின் இருபுறத்தும் பாவாடையை அகல விரித்து நிறுத்தும் கூடுகளாலும் ஆயது. அதன் விலையும் அகலமுமே அணிந்தவரின் நிலையை அறிவித்தன. 1774-இல் அரசியான மேரி அந்துவானெத்து, அவ்வாண்டிலேயே தமக்கு உரிமையாகப் பெற்ற சிறு திரியனோன் மாளிகையில் இம்முறைகளைத் தளர்த்தினார். ஆங்கு அவர் விரும்பி அணிந்தது, கழுத்தில் சுருக்கி இடையில் கச்சை கட்டும் எளிய மெல்லாடை. இதனை அவர் புதிதாகப் படைத்தார் என்பதற்கில்லை. மேற்கிந்தியத் தீவுகளிற் குடியேறிய பிரெஞ்சுப் பெண்டிர் வெப்பத்தின் பொருட்டு அணிந்த உடையே இதற்கு மூலம் என்பது அறிஞர் பலர் கொள்கை.

1783-ஆம் ஆண்டு பாரிசு நகரத்து ஓவியக் காட்சியில், விழே லெ புரூன் அம்மையார் இவ்வுடையோடும் வைக்கோல் தொப்பியோடும் அரசியைத் தீட்டிய ஓவியத்தை வைத்தார். கண்டோர், அரசி உள்ளாடையோடு நிற்கின்றார் என்று இகழ்ந்தனர். ஓவியம் அகற்றப்பட்டது, பட்டுடை அணிந்து ரோசா மலரை ஏந்திய வேறோர் ஓவியம் அவ்விடத்தைப் பெற்றது. ஆயினும், 'அரசியின் உள்ளாடை' என்னும் பெயர் அவ்வுடைக்கு நிலைத்துவிட்டது. பழிப்பே விளம்பரமாயிற்று எனலாம்.

உடை பரவிய வழிகள் மூன்று. முதலாவது கடை. அரசிக்கு ஆடை அமைத்த ரோஸ் பெர்த்தேன் அரண்மனைக்குள் அடங்கியவர் அல்லர்; பாரிசில் செந்த் ஒனொரே தெருவில் 'பெரிய மொகலாயர்' என்னும் பெயரால் கடை நடத்தியவர். பொருள் உடையோர் எவரும் ஆங்குச் செல்லலாம். இரண்டாவது நட்பு. அரசி அனுப்பிய இவ்வகை ஆடையை 1784-இல் டெவன்ஷயர் கோமாட்டி ஜார்ஜியானா அணிய, இங்கிலாந்தில் அது விரைந்து பரவிற்று. மூன்றாவது அச்சு. 1785-இல் தொடங்கிய 'காபினே தெ மோத்' முதலிய இதழ்கள் புத்துடைகளை வண்ணப் படங்களாக வீடுதோறும் கொண்டு சென்றன.

எனினும், இம்மூன்றும் விருப்பத்தை எழுப்பினவேயன்றி, விலையைக் குறைத்தில. அதனைச் செய்தது பருத்தி. சோழமண்டலக் கரை முதலிய இடங்களிலிருந்து சென்ற வண்ணத் துணிகளைப் பட்டு, கம்பளி நெசவாளர் நலங்கருதிப் பிரான்சு 1686-இல் தடுத்தது. அத்தடை 1759 வரை நீடித்தது. 1779-இல் இங்கிலாந்தில் கிராம்ப்டன் அமைத்த நூற்புப் பொறி மெல்லிய நூலை மிகுதியாகத் தந்தது. 1786-இல் இரு நாடுகளும் செய்த வணிக உடன்படிக்கை ஆங்கிலப் பருத்தித் துணிக்குப் பிரெஞ்சு அங்காடியைத் திறந்தது. கூடும் கனத்த பட்டும் வேண்டாத இவ்வுடையை, எளிய தையற்காரியும் தைக்கலாம், வீட்டிலேயே வெளுக்கலாம். அரசியின் பெயர் இன்றியும் தெருவில் நிலைபெறும் ஆற்றல் அதற்கு இருந்தது.

இதன் விளைவு அரசிக்கே கேடாயிற்று. பட்டை விடுத்து லியோன் நெசவாளரைக் கெடுத்தார் என்று ஒரு சாரார் தூற்றினர். அரசியும் பிற பெண்டிரும் ஒருதன்மையராய்த் தோன்றுவது முறையோ என்று பிறர் வினவினர். விலை மிக்க உடை அணிந்தபோது 'ஊதாரி' என்றவர்களே, எளிய உடை அணிந்தபோது 'இழிந்தவள்' என்றனர். உடையால் நிலையை அறியும் சமுதாயத்தில், தலைமை உடையோர் எளிமையை மேற்கொள்வது தம் அடையாளத்தைத் தாமே அழிப்பதாகும்.

1793 அக்டோபர் 16-இல் அரசி கொல்லப்பட்டார். பதின்மூன்று நாள் கழித்து, அக்டோபர் 29-இல், தம் பாலுக்குரிய எவ்வுடையையும் எவரும் விரும்பியவாறு அணியலாம் என்று புரட்சி மன்றம் ஆணையிட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் வெண்மஸ்லின் உடையே பாரிசுப் பெண்டிரின் நாகரிகமாய் விளங்கிற்று. அரசியை வெறுத்தோரும் அவ்வுடையை வெறுத்திலர்.

ஆகவே, பழமொழி பாதி உண்மையே. அரசி உடைக்குப் பெயரும் புகழும் தந்தார். அதனை மக்களுடையதாக்கியவை நூலும் விலையும் கடையுமே என்பது தெளிவு.