அரக்கோணம் லைன் பிறந்த கதை

பெங்களூர் போகும் பழைய ட்ரங்க் ரோட்டில் பூந்தமல்லிதான் பெரிய ஊர். கும்பினி காலத்திலேயே வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு அங்கே டிப்போ இருந்தது. ஆவடியும் அம்பத்தூரும் ஏரியை நம்பிப் பயிர் செய்த கிராமங்கள். ஆனாலும் தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை பூந்தமல்லியைத் தொடாமல், சில மைல் வடக்கே தள்ளி, அந்த ஏரிகளுக்கு நடுவே போயிற்று. பூந்தமல்லிக்குத் தண்டவாளம் என்று ஒன்று வருவதற்கு மெட்ரோவின் இரண்டாம் கட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பாதை போட்டதே சரக்குக்காகத்தான். உள்நாட்டுப் பருத்தியும் தோலும் அவுரியும் மாட்டு வண்டியில் சென்னைக்கு வந்தாக வேண்டும். மழைக்காலத்தில் சக்கரம் சேற்றில் புதைந்தால் அன்றைய பிழைப்பு போச்சு. அப்படியே வந்து சேர்ந்தாலும் அன்றைக்குச் சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்க, மசூலா படகுகள்தான் அலையைத் தாண்டி மூட்டைகளை ஏற்றிப் போகும். தண்டவாளம் என்ற யோசனை புதிதும் அல்ல. சாலை போடக் கல் கொண்டுவருவதற்கென்று செங்குன்றம் பக்கம் 1830களிலேயே ஒரு பாதை போட்டுப் பார்த்தார்கள். அதில் என்ஜினியர் ஆர்தர் காட்டனுக்குப் பங்கு உண்டு.

இரண்டு ஊர்களுக்கு இடையே சரக்கு ஏன் நகர்கிறது என்பதற்கு எட்வர்ட் உல்மன் என்ற அமெரிக்கப் புவியியலாளர் மூன்று காரணம் சொன்னார். இங்கே மிஞ்சுவது அங்கே தேவைப்பட வேண்டும். நடுவழியில் வேறு யாரிடமும் அது கிடைத்துவிடக் கூடாது. வண்டிச்சத்தம் கட்டுப்படியாக வேண்டும். சென்னைக்கும் ஆர்க்காட்டுச் சீமைக்கும் முதல் இரண்டும் பொருந்தின, மூன்றாவதுதான் இடித்தது. உல்மன் இதை எழுதியது 1956இல். அதற்குச் சரியாக நூறு வருஷம் முன்பே சென்னைக்காரர்கள் அந்த இடத்தைச் சரி செய்திருந்தார்கள்.

1853இல் வேலை தொடங்கியது. 1856 ஜூலை 1 முதல் ராயபுரத்துக்கும் வாலாஜா ரோட்டுக்கும் இடையே, அரக்கோணம் வழியாக, சுமார் நூறு கிலோமீட்டருக்கு ரயில் ஓடியது. மூன்றாம் வகுப்பில் ஜனம் இப்படி அடித்துப் பிடித்து ஏறும் என்று ரயில்வேகாரர்கள் எதிர்பார்க்கவில்லை. 1862க்குள் பாதை கோழிக்கோட்டுக்குப் பக்கத்தில் பேப்பூர் வரை எட்டிவிட்டது. 1871இல் ராய்ச்சூர் வழியாகப் பம்பாயோடு இணைப்பு வந்தது.

இத்தனைக்கும் அம்பத்தூர், ஆவடிக்கு நெடுநாள் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. வண்டி அவர்கள் வயலைக் கடந்து போனது, அவ்வளவுதான். இரண்டாம் உலகப் போரில் ராணுவக் கிடங்குகள் வந்த பிறகே ஆவடி மாறியது. 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ், 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, அங்கிருந்து 1965இல் விஜயந்தா டாங்கி, அதே அறுபதுகளில் அம்பத்தூர் எஸ்டேட். சரக்கு கடந்து போன இடத்திலேயே சரக்கு பிறக்க ஆரம்பித்தது.

கிடங்குக்குச் சாமான் கொண்டுபோகப் பட்டாபிராமில் ஒரு கிளைப் பாதை உண்டு. இன்று அதில் லோக்கல் ரயிலே ஓடுகிறது. சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட் வளாகத்தில் 'பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்' என்று அறிவிக்கும்போது புதிதாய் வருகிறவர்கள் பட்டாளத்துக்கான வண்டி என்று ஒதுங்கி நிற்பார்கள். டிபன் பாக்ஸும் தோளில் பையுமாக ஆபீஸ் ஜனங்கள் ஏறுவதைப் பார்த்த பிறகுதான் காலடி எடுத்து வைப்பார்கள். காலை வண்டிகளின் வெண்டர் பெட்டியில் ஈரச் சாக்கில் சுற்றிய கீரைக்கட்டும் பூக்கூடையும் கதவோரம் உட்கார்ந்து வரும். லோக்கலில் வரும் சரக்கு என்றால் இப்போது அதுதான்.

எஸ்டேட் சரக்கெல்லாம் லாரிக்குப் போய்விட்டது. பகலில் ஊருக்குள் விடமாட்டார்கள் என்பதால் ராத்திரியில்தான் நெரிசல். ரயில்வே இதைக் கோட்டை விட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. லாரியின் திசையும் மாறுகிறது. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் போகும் 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை, நெமிலிச்சேரியில் இந்த ரயில் பாதைக்குக் குறுக்கே செல்கிறது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கண்டெய்னர்கள் அதில் ஏறினால் சென்னைக்குள் கால் வைக்காமலே எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களுக்குப் போய்விடலாம்.