கட்டியக்காரனின் அரங்க வாழ்வு: ஆரணி வட்டாரக் கூத்தின் நகைச்சுவைப் பாடகன் பற்றிய ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

19ஆம் நூற்றாண்டு லண்டனின் நகைச்சுவை இசைநாடகத்தில் பெரும்புகழ் பெற்றவர் ஜார்ஜ் கிராஸ்மித் (1847–1912). 1877இல் கில்பர்ட்–சல்லிவன் இணையரின் ‘தி சார்சரர்’ தொடங்கி 1889 வரை அவர் எந்த ஆண்டு எந்த வேடம் கட்டினார் என்பது வரிசையாகத் தெரியும். 1888இல் தன் வரலாற்றையும் அவரே எழுதினார். அதே நூற்றாண்டில் ஆரணியைச் சுற்றிய ஊர்களில் விடிய விடியப் பாடிச் சிரிக்க வைத்த கட்டியக்காரர்களை அப்படி ஆண்டுவாரியாகத் தொடர முடியாது. அவர்களுடைய தொழில் வாழ்வு நமக்கு வேடத்தின் வழியாகவே வந்து சேர்கிறது. அந்த வேடத்தின் பணிகளையும் பயிற்சியையும், நாடகக் கம்பெனிகள் தோன்றிய பின் அது அடைந்த மாற்றத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது. ஏட்டில் ஏறாமல் இருந்ததே கட்டியக்காரனின் வலிமை என்பது இதன் வாதம்.

2. களம்

2.1 ஊரும் தொழிலும்

ஆரணி கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஊர். ஆரணி ஜாகீரின் தலைமையிடமாக இருந்தது. பட்டுத்தறிக்கும் நெல்லுக்கும் பேர்போனது. 19ஆம் நூற்றாண்டில் வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 1989இல் உருவான திருவண்ணாமலை மாவட்டத்தில் இன்று உள்ளது. பரம்பரைக் கூத்துக்குப் புகழ்பெற்ற புரிசையும் இதே மாவட்டத்து ஊர்தான். தலைமுறை தலைமுறையாகக் கூத்தாடிவரும் தம்பிரான் குடும்பத்தின் ஊர் அது.

2.2 கூத்து நடக்கும் காலம்

வட்டாரக் கூத்தின் முதன்மைக் களம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. வில்வளைப்பு, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம் என்று கதை நாளுக்கு நாள் வளரும். பதினெட்டாம் போரும் படுகளமும் தீமிதியும் நிறைவாக வரும். கூத்துக்குச் சீட்டு இல்லை. ஊரார் வெற்றிலை பாக்கு வைத்து முன்பணம் கொடுத்து ஆட்டத்தைப் பேசி முடிப்பர். அதனால் கட்டியக்காரன் யாரைச் சிரிக்க வைக்கிறானோ அவர்களே அவனுக்குக் கூலி கொடுப்பவர்கள்.

3. வேடத்தின் பணிகள்

3.1 திறப்பு

கடவுள் வாழ்த்து முடிந்ததும் முதலில் சபைக்கு வருபவன் கட்டியக்காரன். கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் ராஜ வேடங்களுக்கு உரியவை. இவனுக்குக் குல்லாயும் பல நிறத் துணியும் போதும். பாரமான கட்டைகள் இல்லாததால் இரவு முழுதும் ஓடியாட முடிகிறது. சபைக்கு வந்தனம் சொல்லி, அன்றைய கதையை அறிவித்து, வரப்போகும் அரசனைப் புகழ்ந்து பாடுவான்.

3.2 வினா

இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று அரசன் விருத்தம் பாடுவான். திரை விலகி அவன் ஆடி முடித்ததும், அவன் யார், எந்த ஊர், எதற்காக வந்தான் என்று கட்டியக்காரன் விசாரிப்பான். துரியோதனனே ஆனாலும் இவனுக்குப் பதில் சொல்லித்தான் கதைக்குள் நுழைய முடியும். பாத்திரத்தின் அறிமுகம் என்ற நாடகத் தேவை, ஏவலாள் அரசனை விசாரிக்கும் காட்சியாக மாறிவிடுகிறது.

3.3 உரை

விருத்தமும் தருவும் கந்தார்த்தமும் செய்யுள் நடையில் அமைந்தவை. அவற்றின் பொருளைக் கட்டியக்காரன் ஊர்ப் பேச்சில் சொல்வான். வேண்டுமென்றே தப்பாகப் புரிந்துகொள்வான், அரசன் திருத்துவான். அந்தத் திருத்தத்தில் அவையோருக்கும் பொருள் விளங்கிவிடும். தறிக்காரர் நடுவே ஆட்டம் நடந்தால் கூலியும் சரிகையும் பேச்சில் வரும். உழவர் நடுவே ஏரித் தண்ணீரும் நெல் விலையும் வரும். அத்தினாபுரத்துக்கும் ஆரணிக்கும் இடையே இரவு முழுதும் போய்வருபவன் இவன் ஒருவனே.

3.4 நிரப்பு வேடங்கள்

காவலாளி, தூதன், வேலைக்காரன் என்று கதைக்குத் தேவைப்படும் சிறு ஆட்களாகவும் அவனே மாறுவான். ராஜ வேடக்காரர் களைத்தால் பின்பாட்டுக்காரரோடு வாதம் செய்து நேரத்தை நிரப்புவான். ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் அவன் கையில்தான்.

3.5 எல்லை

சிரிப்புக்கும் வரம்பு உண்டு. துகிலுரிதல் கட்டத்தில் கற்பூரம் ஏற்றி அம்மனை வணங்கிய பிறகே ஆட்டம் தொடரும். அந்த இடத்தில் கட்டியக்காரனும் பக்தனாகிவிட வேண்டும். எங்கே பேச வேண்டும் என்பதைப் போலவே எங்கே அடங்க வேண்டும் என்பதும் அவனுடைய தொழில் அறிவு.

4. மரபும் பயிற்சியும்

வேடம் 19ஆம் நூற்றாண்டுக்கு முந்தியது. 18ஆம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய குற்றாலக் குறவஞ்சி கட்டியக்காரன் வருகையோடுதான் தொடங்குகிறது. தஞ்சைப் பக்கத்து மெலட்டூர் பாகவத மேளாவில் கோணங்கி முதலில் வந்து ஆடுகிறான். அரசவையும் கோயிலும் ஊர்த்திடலும் இந்த முன்வருபவனைப் பகிர்ந்துகொண்டன.

கூத்தில் பயிற்சி வாத்தியாரிடம். சிறுவர்கள் சின்ன வேடத்தில் தொடங்கி, பாட்டையும் அடவையும் காதாலும் கண்ணாலும் கற்பர். கட்டியக்காரனுக்குக் கூடுதலாக ஒன்று வேண்டும்: எல்லா வேடத்தின் பாடமும் தெரிந்திருக்க வேண்டும். அடுத்தவர் அடி மறந்தால் கேள்வியாலேயே எடுத்துக் கொடுப்பவன் அவன். எனவே எளிய வேடமாகத் தோன்றும் இது, அனுபவம் முதிர்ந்தவருக்கே முழுதாக வாய்க்கிறது.

5. கம்பெனி மேடை வந்தபின்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் குழுக்களின் தாக்கத்தால் திரைச்சீலைக் காட்சிகளும் சீட்டு விற்பனையும் தமிழகத்துக்கு வந்தன. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் தொழில்முறைக் குழுக்களுக்கு நாடகங்களை எழுதிக் கொடுத்தார். உரையாடலும் பாட்டும் ஏட்டில் நிலைபெற்றன. நடிகர்கள் அவற்றை மனனம் செய்தார்கள்.

இந்த மேடையில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட் என்று வேடங்கள் பிரிந்தபோது நகைச்சுவைக்காரர் பபூன் ஆனார். அவருக்குத் தனிப் பாட்டும் கைத்தட்டலும் பெரும் புகழும் கிடைத்தன. ஆனால் அரசன் தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொள்ள, அவனை விசாரிக்க ஆள் தேவைப்படவில்லை. கதையின் வாசலில் நின்றவர் கதையின் இடைவேளைக்கு நகர்ந்தார். கொடுக்கல் வாங்கல் ஒருவழிப்பட்டதும் அல்ல: கம்பெனி மேடையின் ஆர்மோனியம் கூத்துக்குள் நுழைந்து, முகவீணையோடும் தாளத்தோடும் உட்கார்ந்துகொண்டது.

6. ஒப்பீடு

கிராஸ்மித் நடித்த சவாய் அரங்கம் 1881இல் மின்விளக்கொளியோடு திறக்கப்பட்டது; நம் கட்டியக்காரன் தீப்பந்த வெளிச்சத்தில் ஆடினான். இதைவிட முக்கியமான வேறுபாடு சொல்லில் இருக்கிறது. கில்பர்ட் தம் வசனத்தில் நடிகர் கைவைப்பதை விரும்பாதவர். நாடகப் பிரதியும் அரசு அதிகாரியின் முன்னனுமதி பெற்றே மேடையேறியது. இந்தியாவில் 1876ஆம் ஆண்டு நாடக நிகழ்த்துதல் சட்டம், ஆட்சேபத்துக்குரிய நாடகங்களைத் தடைசெய்யும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. எழுதப்பட்ட நாடகத்தைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம். அந்த இரவில் அந்த ஊருக்காகப் பிறந்த கேலியை எப்படிக் கேட்டு வாங்குவது? சென்னையில் அச்சேறிய கூத்துப் புத்தகங்களிலும் நிலையான விருத்தமும் தருவும் வசனமும்தான் நின்றன. கட்டியக்காரனின் நடப்புப் பேச்சு அச்சுக்கு வெளியே தங்கிவிட்டது.

7. முடிவுரை

கிராஸ்மித்தின் தொழில் வரலாறு துல்லியமாகக் கிடைப்பதற்கு, எழுதப்பட்டதை அவர் மாற்றாமல் பாடியதும் ஒரு காரணம். கட்டியக்காரனின் வரலாறு சிதறிக் கிடப்பதற்கு, அவன் ஒவ்வோர் இரவும் மாற்றிப் பாடியதே காரணம். ஆகவே ஆரணி வட்டாரக் கூத்தை ஆவணப்படுத்துவோர் பிரதிகளைத் தொகுப்பதோடு நிற்கக் கூடாது. ஒரே கூத்தை வெவ்வேறு ஊர்களில் ஒரே கட்டியக்காரர் ஆடும் இரவுகளை முழுமையாகப் பதிந்து ஒப்பிட வேண்டும். எது மாறுகிறது, யாரைப் பார்த்து மாறுகிறது என்பதிலிருந்துதான் 19ஆம் நூற்றாண்டுக் கலைஞனின் தொழிலை நாம் மீட்டெடுக்க முடியும்.