600 கி.மீ. பாயும் அம்பு! 'சிவிலைசேஷன்' கேமில் ஒரு கட்டத்துக்கு எத்தனை படை?

செஸ் போர்டில் ஒரு கட்டத்துக்கு ஒரு காய்தான். ஆனால் 1991-ல் சிட் மெயரின் 'சிவிலைசேஷன்' வந்தபோது, ஒரே கட்டத்தில் எத்தனை படைகளை வேண்டுமானாலும் அடுக்கலாம் என்றிருந்தது. அதிலும் ஒரு ஆபத்து உண்டு. நகரத்துக்கோ கோட்டைக்கோ வெளியே நிற்கும்போது, காவல் காக்கும் படை தோற்றால் கூட நிற்கும் அத்தனை படையும் காலி!

பின்னர் இந்த விதி போய்விட்டது. 2005-ல் வந்த நான்காம் பாகத்தில் பத்து, இருபது படைகளை ஒன்றாகக் குவித்து எதிரி நகரை நோக்கி நகர்த்துவதே வழக்கமானது. வீரர்கள் இதற்கு வைத்த பெயர் 'ஸ்டாக் ஆஃப் டூம்'. அதாவது, அழிவுக் குவியல். இதை உடைக்கவும் வழி இருந்தது. கல் எறியும் கேட்டபல்ட் தாக்கினால், அந்தக் கட்டத்தில் உள்ள மற்ற படைகளுக்கும் சேர்த்து அடி விழும். அதனால் கேட்டபல்ட்களை முதலில் பலி கொடுத்துவிட்டு, பிறகு மற்ற படைகளை இறக்குவார்கள்.

2010-ல் எல்லாம் தலைகீழானது. ஐந்தாம் பாகத்தின் வடிவமைப்பாளர் ஜான் ஷேஃபர், 1994-ல் வெளியான 'பான்சர் ஜெனரல்' கேமைப் பார்த்து, அறுகோணக் கட்டம் ஒன்றுக்கு ஒரே போர்ப்படை என்று மாற்றினார். முன்னால் வாள்வீரர், பின்னால் வில்லாளர், நடுவில் மலைக் கணவாய் என சண்டை உண்மையிலேயே சுவாரஸ்யமானது.

சிக்கல் எங்கே என்றால், அளவில்தான். 'பான்சர் ஜெனரல்' முழுக்கப் போருக்கான வரைபடம். சிவிலைசேஷனிலோ ஒரு உலகமே இருக்கிறது. பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. ஐந்தாம் பாகத்தின் மிகப் பெரிய வரைபடத்தின் அகலம் 128 கட்டங்கள். கணக்குப் போட்டால் ஒரு கட்டம் 300 கி.மீ.க்கு மேல் வரும். இரண்டு கட்டம் தாண்டி அம்பு விடும் வில்லாளர், 600 கி.மீ. தாண்டி அடிக்கிறார்!

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் படைகள் பெருகினால் வரைபடமே டிராஃபிக் ஜாம் ஆகிவிடும். அதைத் தடுக்க உற்பத்தி வேகத்தையே குறைக்க வேண்டியிருந்தது. ஒரு போர் விதி, கட்டடம் கட்டும் வேகத்தையும் பாதித்தது. கம்ப்யூட்டர் எதிரியும் நெருக்கடியில் படைகளை நகர்த்தத் தெரியாமல் திணறியது. பின்னாளில் ஷேஃபரே இந்தக் குறைகளை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

2016-ல் வந்த ஆறாம் பாகம், ஒரே வகைப் படைகளில் இரண்டை இணைத்து 'கார்ப்ஸ்', மூன்றை இணைத்து 'ஆர்மி' ஆக்கலாம் என்று கொஞ்சம் இறங்கிவந்தது. அதுவும் ஆட்டத்தின் பிற்பகுதியில்தான்.

2025-ல் வெளியான ஏழாம் பாகத்தில் 'கமாண்டர்' வந்தார். முதலில் நான்கு படைகளை மூட்டை கட்டி ஒரே கட்டத்தில் அழைத்துச் செல்வார். எதிரி பக்கத்தில் வந்ததும் அவற்றை இறக்கிவிடுவார். பயணம் குவியலாக, சண்டை மட்டும் தனித்தனிக் கட்டத்தில்!