கிளிநொச்சியும் யாழ்ப்பாணமும்: தொலைவும் காலமும்

கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கண்டி வீதி வழியே ஏறத்தாழ 65 கிலோமீற்றர். புவியியல் நூல்கள் கூறும் இவ்வெண் மாறுவதில்லை. பயணத்துக்கு எடுத்த காலமோ வன்னி வரலாற்றோடு மாறி வந்துள்ளது.

பண்டு வன்னி யானைகள் ஆழமற்ற நீரினூடாகக் குடாநாட்டுக்கு நடத்திச் செல்லப்பட்டன. ஆனையிறவு என்னும் பெயரே அதற்குச் சான்று. 1905 இல் வடபகுதிப் புகையிரதப் பாதை முழுமையுற்றது. 1956 இல் ‘யாழ்தேவி’ ஓடத் தொடங்கியது. காலையிற் புறப்பட்டு, அலுவல் முடித்து, மாலையில் மீளும் தொலைவாகவே அது இருந்தது.

1990 இல் புகையிரதம் நின்றது. ஆனையிறவு வீதியும் மூடப்பட்டது. மக்கள் பூநகரிப் பக்கத்திலிருந்து நீரேரியைக் கடந்து கிளாலிக்குப் படகிற் சென்றனர். கடற்படையினரின் கண்ணுக்குத் தப்ப இரவே ஏற்றதாயிற்று. எத்தனை கட்டைத் தூரம் என்பது பொருளற்றுப் போக, இன்று படகு போகுமா என்பதே கேள்வியாயிற்று. 1993 சனவரியில் நீரேரியிற் பயணிகள் பலர் கொல்லப்பட்டனர். அதன் பின்னரும் மக்கள் போயினர். வேறு வழி இருக்கவில்லை. அவ்வாண்டு செப்டெம்பரிற் கிளாலித் துறையை அழிக்கப் படையினர் மேற்கொண்ட நடவடிக்கைக்கு இடப்பட்ட பெயர் ‘யாழ்தேவி’! மக்களை ஏற்றிச் சென்ற வண்டியின் பெயர், மக்களின் வழியை மறிக்கச் சென்ற படைக்குச் சூட்டப்பட்டது.

1996 இல் கிளாலி வழியும் அடைபட்டது. 2002 ஏப்பிரலில் திறந்த வீதி 2006 ஓகத்தில் மீண்டும் மூடப்பட்டது. போர் 2009 இல் முடிந்தபின், புகையிரதம் கிளிநொச்சிக்கு 2013 இலும் யாழ்ப்பாணத்துக்கு 2014 இலும் வந்தது. 1990 இற் கிளிநொச்சியிற் பிறந்த குழந்தை, தன்னூர் நிலையத்திற் புகையிரதம் நிற்கக் கண்டபோது அதற்கு வயது இருபத்துமூன்று.